முழங்கை இடிக்காத வளைவு

தண்ணீர்ப் பூங்காக்களுக்குச் சறுக்குக்குழாய் செய்து கொடுக்கும் கம்பெனி அது. அங்கே கம்ப்யூட்டரில் வடிவம் வரைபவளை எல்லாரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடி அப்படி, எந்தச் சீப்புக்கும் அடங்காது. பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரே பாடத்தை நடத்தி நடத்தி நாக்கு மரத்துப்போய், வேலையை உதறிவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள்.

அந்த முறை வந்தது பெரிய ஆர்டர். மூன்று மாடி உயரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் குழாய். முதல் வளைவை மட்டும் செய்து, பட்டறைக்குப் பின்னால் நிறுத்தி, தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். சறுக்கி வந்த ஃபிட்டர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வளைவு ஆரம்பிக்கிற இடத்துல யாரோ பிடிச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு. சுவத்துல போய் மோதுறேன்."

முதலாளி முகம் சுண்டிப்போயிற்று. "சரி பண்ண முடியலன்னா, வளைவே வேண்டாம்னு நேரா விட்டுடலாம்மா."

நேராக விடுவதா? சுருட்டைக்குச் சுருக்கென்றது. திரையில் வளைவின் புள்ளிகளைப் பிடித்து இழுத்தாள், தள்ளினாள். இங்கே அமுக்கினால் அங்கே துருத்தியது. அந்த வாரம் முழுக்க அவளுக்கும் அந்தக் கோட்டுக்கும் குடுமிப்பிடிச் சண்டைதான்.

சனிக்கிழமை காலையில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் வகுப்புக்குப் போனாள். முதல் திருப்பத்திலேயே ஓட்டுநர் பள்ளிக்காரர் கத்தினார்.

"மேடம்! ஸ்டீயரிங்கை இப்படி வெடுக்குனு திருப்புனா நான் கதவோட ஒட்டிப்போயிடுவேன். கொஞ்சம் கொஞ்சமா, ஒரே சீரா திருப்புங்க."

அடுத்த திருப்பத்தில் அப்படியே செய்தாள். வண்டி வெண்ணெயில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. மறு நொடி பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

"என்ன மேடம், நாய் குறுக்க வந்துச்சா?"

"இல்ல சார். வட்டம்! வட்டம்தான் தப்பு!"

அவர் தன் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

அவள் வரைந்திருந்தது, நேர்கோட்டின் நுனியில் ஒட்டவைத்த வட்டத் துண்டு. நேர்கோட்டில் வளைவே இல்லை. வட்டத்தில் முதல் அங்குலத்திலேயே முழு வளைவு. இடையில் ஒன்றுமில்லை. அங்கேதான் ஃபிட்டர் தூக்கி எறியப்பட்டார். போகப்போக, தூரத்துக்குத் தகுந்தபடி வளைவு சீராக இறுக வேண்டும். அதற்குக் கணக்கில் ஒரு விதி உண்டு. அவளுக்கு அது தெரியும். அதைச் சறுக்குக்குழாயோடு முடிச்சுப்போடத்தான் தோன்றவில்லை.

மூச்சு வாங்கக் கம்பெனிக்கு ஓடினாள். புள்ளிகளை எல்லாம் அழித்தாள். மென்பொருளில், சமன்பாட்டைக் கொடுத்தால் அதுவே கோடு வரையும் வசதி இருந்தது. நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று மூன்றையும் தட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

திரை காலி.

பின்னால் வந்து நின்ற முதலாளி எட்டிப் பார்த்தார். "எங்கம்மா சறுக்கு?"

பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரையின் ஓரத்தில் அழகான வளைவு ஒன்று எட்டிப் பார்த்தது. "இருக்கு சார்! ஆனா கடுகளவு இருக்கு. எறும்புதான் சறுக்கலாம்."

குழாயின் நீளத்தால் பெருக்க மறந்திருந்தாள். பெருக்கியதும் வளைவு மளமளவென்று திரை முழுக்க விரிந்தது. நடுவில் கொஞ்சம் வட்டம். வெளியேறும் பக்கத்தில் அதே விதி தலைகீழாக. விதியில் ஒரு எண்ணை மாற்றினால் குழாய் முழுவதும் சேர்ந்து அசைந்துகொடுத்தது, எங்கேயும் துருத்தாமல். அவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. "பாருங்க சார், பாருங்க!" என்று அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

புதிய அச்சு போட்டு, வளைவை வார்த்து நிறுத்தியபோது பட்டறையே பின்பக்கம் கூடிவிட்டது. ஃபிட்டர் மட்டும் ஏணிப்பக்கமே வரவில்லை. "மிச்சமிருக்கிற முழங்கையாவது நல்லா இருக்கட்டும்."

"நான் போறேன்," என்றாள் சுருட்டை.

இத்தனை குழாய் வரைந்தவள் ஒன்றில்கூடச் சறுக்கியதில்லை. உயரம் என்றாலே அவளுக்குப் பயம். மேலே ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டாள். நேர்ப்பாதை கிடுகிடுவென்று ஓடியது. இடி எப்போது வரும், எப்போது வரும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். உடம்பு மெல்லச் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தாள்.

"இடிச்சுதா?" நாலா பக்கமும் குரல்.

"வளைவு வந்துச்சா என்ன? எனக்குத் தெரியவே இல்லையே!" என்று கத்தினாள். பட்டறையே கைதட்டியது.

முதலாளி செருப்பைக் கழற்றி வைத்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். அவர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டட ஜன்னல்கள் திறந்தன. அவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது: "மிச்ச வளைவு எல்லாத்தையும் எப்போ தருவே?"

சுருட்டை அதற்குள் ஈரத்துணியோடு, தரையெல்லாம் தண்ணீர் சொட்ட, கம்ப்யூட்டரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.