மிளகு வாங்காத மிளகு மேடம்

புவனா மிஸ் இல்லையாம்...

மரண வீட்டுக்குப் போய் முகத்தையும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இன்னும் "இல்லையாம்" என்றுதான் எழுத வருகிறது.

இங்கே இருக்கும் உங்களில் யாருக்கும் மிஸ்ஸைத் தெரியாது. தெரியக்கூடாது என்று நான்தான் மறைத்து வைத்திருந்தேன்.

மிஸ் ஒரு கவுன்சிலர். பெரிய ஆஸ்பத்திரியில் பல வருஷம் சோஷியல் வேர்க்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். மாத்தளை டவுனில் தன் வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப் வீடியோவில் பேசுவார். புதன்கிழமை காலை என்னோடு.

ஆமாம், நான் கவுன்சிலிங் எடுத்தேன். மகள் பிறந்த பிறகு அவளைத் தூக்கவே எனக்குப் பயம். எங்கேயாவது போட்டுவிடுவேனோ... இல்லை, நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்று. கிளினிக்கில் மிட்வைஃப் அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து மிஸ்ஸின் நம்பரைக் கொடுத்தார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. மருமகளுக்கு பிஸ்ஸு, பைத்தியம் என்று சொல்லி மாமி பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டால்? மற்ற எல்லாப் பயத்தையும்விட அந்தப் பயம் பெரிது.

மாத்தளைக்கு அப்பால் நாலந்தாவில் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது பின்பக்கத்துப் பலாமரத்தடியில் மட்டும்தான். முதல் நாள் அங்கே உட்கார்ந்துகொண்டு, யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடி வீடியோவில் மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்கிறது.

"யாராச்சும் வந்தா மிளகு பத்திப் பேசுங்க. நான் மிளகு வாங்குறவ. சரியா?" என்றார்.

போனில் என் நம்பரையும் அப்படித்தான் போட்டுக்கொண்டார். பேர் கிடையாது. வெறும் "மிளகு".

ஒரு நாள் நான் அழுதுகொண்டிருக்கும்போதே மாமி பிளேன்டீயோடு வந்து நின்றுவிட்டார். மிஸ் அந்தப் பக்கத்திலிருந்து, நன்றாகக் காய்ந்தால்தான் எடுப்பேன், ஈரத்தோடு தந்துவிடாதீர்கள் என்று கண்டிப்பாகப் பேசுகிறார்! மாமி போனை வாங்கிக்கொண்டார். குரங்குத் தொல்லையில் தொடங்கி, முழங்கால் வலி, செத்துப்போன மாமா என்று எங்கேயோ போனது பேச்சு. மிஸ் எதையும் அவசரப்படுத்தவில்லை.

நான் ஏன் அழுதேன் என்று மாமி கேட்கவே இல்லை. அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார், உங்க மாமிக்கும் ஒரு செஷன் ஆச்சு என்று.

நான் ஏதாவது சொன்னால் மிஸ் உடனே பதில் சொல்ல மாட்டார். சும்மா இருப்பார். நான் பயந்துபோய், "மிஸ், லைன் கட்டாயிடிச்சா?" என்பேன்.

"இல்ல. இருக்கேன்."

அவ்வளவுதான் சொல்வார். நான் மிச்சத்தையும் கொட்டிவிடுவேன்.

போன வாரம் மகளை மடியில் வைத்துக்கொண்டே பேசினேன். மிஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்... அவ்வளவுதான். நல்லாத்தானே இருந்தார்!

இந்தப் புதன்கிழமையும் சரியான நேரத்துக்கு மிஸ்ஸின் நம்பரிலிருந்து கோல் வந்தது. எடுத்தவுடனே, "மிஸ், நேத்து அவ என்னைப் பாத்து சிரிச்சா" என்றேன்.

வேறு குரல். மிஸ்ஸின் மகள். அம்மாவின் போனில் அலாரம் அடித்ததாம், "மிளகு" என்று இருந்ததாம். நீங்கள் மிளகு விற்கிறவரா என்று கேட்டார். பழக்க தோஷம், ஆமாம் என்றேன்.

"அம்மா நேத்து ராத்திரி தவறிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க... ஆஸ்பத்திரி வரைக்கும் கூட போகல."

நான் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மாமி வந்து என்ன என்று கேட்டார். மிளகு மேடம் செத்துட்டாங்க மாமி என்றேன்.

மறுநாள் காலையில் மாமி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பிள்ளையை என் கணவரிடம் விட்டுவிட்டு இருவரும் மாத்தளைக்கு பஸ் ஏறினோம்.

ரோட்டிலிருந்தே வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. வாசலில் மிஸ்ஸின் மகள், நீங்க யார் என்று கேட்டார். உள்ளே சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள்.

"நாங்க மிளகு குடுக்கிறவங்க" என்றார் மாமி.

மிஸ் பக்கத்தில் போய் நின்றேன். வீடியோவில் கழுத்துவரைக்கும்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு குள்ளமா... "இருக்கேன்" என்று சொல்வார் என்று நின்றுகொண்டே இருந்தேன். மாமி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"நம்மகிட்ட இருக்கிறது ஒரு கொடி. அதுக்கு வாரா வாரம் ஒரு மேடமா, புள்ள?"

இனிப் பிள்ளையைத் தரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

இறங்குகிற இடம் வந்தது. எழும்பும்போதுதான் சொன்னார்.

"வேற ஒரு மேடத்தைத் தேடு. நீ பேசுற நேரத்துக்குப் புள்ளைய நான் வச்சுக்கிறேன். முடிஞ்சதும் வந்து வாங்கிக்க."

மிஸ்... மாமிக்குத் தெரியுமாம். பிளேன்டீ கொண்டு வந்தாரே, அன்றைக்கே தெரியுமாம்!

இதை உங்களிடம் சொல்லத்தான் போனையும் எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்கு ஓடி வந்துவிட்டேன்.

போய்ட்டு வாங்க, மிஸ்.