கோப்பைத் திறந்த வக்கீல்

போன சனிக்கிழமை ஜெர்மனியில் பிராங்பேர்ட் வழியாகப் பான் நகருக்குப் போய் வந்தேன். காரணம் ஒரு நாடகம். பான் தமிழர்கள் சிலர் பழைய ஹாலிவுட் நீதிமன்றப் படம் ஒன்றைத் தமிழில் மேடையேற்றினார்கள். அந்தப் படமே மேடையிலிருந்து போனதுதான்; வந்த வழியே திருப்பி அனுப்பினோம். எனக்கு நான்கு வரி பேசும் சாட்சி வேடம். வக்கீல், பிராங்பேர்ட்டில் இருக்கும் தவம் அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து முப்பது வருடம் ஆகிறது. அவருடைய ஐந்து நிமிடக் கடைசி வாதம் ஒத்திகையில் ஒருமுறைகூட முழுதாக வரவில்லை. அது சொதப்பினால் நாடகமே போச்சு.

நான் இருக்கும் டார்ம்ஸ்டாட்டிலிருந்து காலை எஸ்-பான் என்ற புறநகர் ரயிலைப் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம். பிராங்பேர்ட்டில் அதே படம் உருவான கதையைச் சொல்லும் கண்காட்சி. நுழைவு எட்டு யூரோ. அண்ணை வாசலில் நின்றார். நீதிமன்றச் சுவர்களுக்கே சக்கரம் வைத்திருந்தார்களாம், கேமரா நுழைய இழுத்துவிடுவதற்கு! மேடையில் மாதக்கணக்கில் நடித்த நாயகனுக்குப் படப்பிடிப்பில் வசனம் மறந்துவிட, வழக்குக் கோப்புக்குள் எழுதி வைத்துச் சமாளித்தாராம். அந்தக் கோப்பும் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

"உந்த நடிகருக்கே மறந்திருக்கு! தம்பி, நில்லுங்கோ, வீட்ட போய் ஒரு ஓர்ட்னர் எடுத்துக்கொண்டு வாறன்," என்றார் அண்ணை.

ஓர்ட்னர் என்றால் கடிதங்களைத் துளையிட்டுக் கோர்க்கும் தடித்த கறுப்புக் கோப்பு. அண்ணை வீட்டில் ஒரு சுவர் முழுக்க அதுதான். ஜெர்மனி வந்த நாள் முதல் ஒரு கடிதத்தையும் எறிந்ததில்லை மனிதர். வசனத் தாள்களைக் கோர்த்து, ஒன்றைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு ஓடி வந்தார். 12.30 ரயில், மைன்ஸ், கோப்லென்ஸ் வழியாக மூன்று மணி நேரம். கோப்பைக் கட்டிப்பிடித்தபடி நிம்மதியாகத் தூங்கினார்.

ஐந்து மணிக்கு நாடகம். கடைசி வாதம் வந்தது. அண்ணை கோப்பைத் திறந்தார். பக்கத்தில் சாட்சிக் கூண்டில் நின்ற எனக்கும் தெரிந்தது: உள்ளே வசனம் இல்லை. இளவயதுத் தவம் அண்ணையின் புகைப்படம் ஒட்டிய அகதி விண்ணப்பம். அவசரத்தில் கோப்பு மாறிவிட்டது.

அண்ணை கோப்பை மூடினார்.

"கனம் நீதிபதி அவர்களே, என்ர கட்சிக்காரன் சொல்லுறதுக்குக் காகிதம் ஒண்டும் இல்லை. அதுக்காக நடந்தது இல்லையெண்டு ஆகாது."

பாதி எழுதிய வசனம், பாதி அவருடையது. ஐந்து நிமிடம், எங்கும் தடுமாறவில்லை. கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படி அண்ணா சமாளிச்சீங்க?" என்று நாடகம் முடிந்ததும் கேட்டேன்.

"இதை நான் ஏற்கெனவே ஒருக்கா அகதி விசாரணையில அதிகாரிக்கு முன்னால நிண்டு சொன்னனான், தம்பி. அண்டைக்கும் கையில ஒரு பேப்பரும் இல்லை."

போகிறவர்களுக்கு: மாதாந்தப் பயணச்சீட்டு இந்த ரயில்களுக்கெல்லாம் செல்லும். மைன்ஸ் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், ரைன் ஆறு கூடவே வரும். கோப்பு ஏதும் கொண்டுபோனால் கிளம்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். நாங்கள் பார்க்காதது நல்லதாய்ப் போயிற்று.