மூன்று தீக்குச்சிகள்

எனக்குப் பத்து வயதானபோது அத்தைக்கு இரண்டு நோய்கள் இருந்தன. விரல் முட்டுகள் வீங்கி மடங்காமல் போனது ஒன்று. அதற்குத் தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர் வாதம் என்று பெயர் சொல்லி எண்ணெய் கொடுத்தார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது மற்றொன்று. அதற்குக் குளிர், வயது, ஓயாத வாய் என்று எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் காரணம் சொன்னார்கள். இரண்டும் ஒரே நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தாள். நமுனுகுலப் பக்கத்தில் தன்னைப்போல் கொழுந்து எடுக்க ஆள் இல்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். அந்த வாய்க்குப் பயந்து மற்றவர்கள் மறுப்பதில்லை. இப்போது யாரையாவது திட்ட ஆரம்பித்தால் பாதியில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திட்டினாள். திட்டு வாங்குகிறவர்களும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

மேல்மலைக்கு இனி ஏற முடியாது, பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுங்கள் என்று கங்காணியிடம் கேட்டாள்.

"டாக்டர் துண்டு கொண்டாந்தா தொரைக்கிட்ட பேசுறேன்" என்றார் அவர்.

அந்தத் துண்டுச் சீட்டுக்காகத்தான் பதுளைக்குப் பஸ் ஏறினோம். பஜாரில் இருந்த டாக்டருக்குத் தமிழ் வராது. தோட்டத்தருகே இருந்த சிங்களக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி எனக்குச் சிங்களம் வந்திருந்தது. அதனால் மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. பெருமையில் தலைகால் புரியவில்லை எனக்கு.

டாக்டர் விரல்களைப் பார்த்தார். பிறகு முதுகில் குழாயை வைத்துக் கேட்டார்.

"வெரலுக்குத்தானே வந்தோம், முதுகுல என்னாத்த தேடுறாரு?" என்று அத்தை என்னிடம் முணுமுணுத்தாள்.

அவர் ஒரு தீக்குச்சியைக் கிழித்து, அவள் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். உதட்டைக் குவிக்காமல், வாயை அகலத் திறந்து ஊதி அணைக்க வேண்டும். நான் சொன்னேன். அத்தை வாயைத் திறந்தாள். சுடர் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. இரண்டாவது குச்சி, மூன்றாவது குச்சி. ஒன்றும் அணையவில்லை. பலமாக ஊதச் சொல் என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டில் நெருப்பை வாயால் ஊதி அணைக்க மாட்டோம். விளக்கைப் பூவால் குளிர வைப்போம், குச்சியைக் கையால் உதறுவோம். சாமி விளக்கை ஒருமுறை ஊதிவிட்டு அத்தையிடமே முதுகில் வாங்கியவள் நான். எனவே அத்தையைக் கேட்காமலே டாக்டருக்கு விளக்கம் கொடுத்தேன்: நெருப்பை ஊதினால் பாவம், அதனால்தான் அவள் ஊதவில்லை. அவர் சிரித்து என் கன்னத்தைத் தட்டினார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். விரலுக்கு மாத்திரை கொடுத்து, பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு மலைக்குப் போகலாம் என்று துண்டு எழுதிவிட்டார்.

வெளியே வந்ததும் துண்டில் இருப்பதைச் சொன்னேன். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவருக்கிட்ட நீ என்னா சொன்ன?"

சொன்னேன், பெருமையாகத்தான். என் முகத்தைப் பார்த்தபடியே துண்டை மடித்து முந்தானையில் முடிந்தாள். திட்டு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"சரி வா. பஸ்ஸு போயிரும்."

லயம் முழுக்க இந்தக் கதையை நானே பரப்பினேன். யாராவது கேட்டால் அத்தை, "ஆமா, புள்ளைக்கு வழக்கம் தெரிஞ்சிருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பதினோராம் நாள் கூடையை மாட்டிக்கொண்டு மேல்மலைக்கு ஏறினாள். பள்ளிக்கூடப் பாதையிலிருந்து பார்த்தேன். பத்துச் செடிக்கு ஒரு தரம் நின்றாள். கையாட்டினேன், அவள் ஆட்டவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். வேறொரு டாக்டரிடம் வேறொரு துண்டு வாங்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை மலைதான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

வழக்கத்துக்காக அத்தை அன்று மூச்சை அடக்கிக்கொண்டாள் என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன். மூன்று குச்சிகளையும் அவள் தன் பலம் முழுவதையும் கூட்டி ஊதியிருந்தாள்.