மூன்றாவது வரிசைக்காரர் வீடு வாங்கிய கதை

அவருடைய பெயர் ஸ்டூடியோவில் யாருக்கும் தெரியாது. மூன்றாவது வரிசை என்றால் தெரியும். கோர்ட் காட்சியில் மூன்றாவது வரிசை, கல்யாணக் காட்சியில் மூன்றாவது வரிசை, ஊரே திரண்டு வில்லன் வீட்டுக்குத் தீ வைத்தாலும் தீப்பந்தத்தோடு மூன்றாவது வரிசை. முன்னால் நிற்க முகவெட்டோ ஏஜென்ட்டின் தயவோ வேண்டும். மூன்றாவது வரிசைக்குக் காலையில் பஸ் பிடித்து வந்து சேர்ந்தால் போதும். முப்பது வருஷம் பஸ் பிடித்து வந்து சேர்ந்ததை அவர் கலைச்சேவை என்று சொல்லிக்கொண்டார். அவர் மனைவி படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிறவள். வாடகையும் மளிகையும் அவள் சம்பளத்தில் நடந்ததால், அந்தச் சேவைக்கு அவள் வேறு பெயர் வைத்திருந்தாள்.

அவருக்கு ஒரே ஒரு குறை. திரையில் அவரை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. டிவியில் பழைய படம் ஓடும்போது எழுந்து போய்த் திரையில் விரல் வைத்து, "அதோ, தூணுக்குப் பின்னால, தலை தெரியுது பாருங்க" என்பார். அதற்குள் காட்சி மாறிவிடும். ஒரு தடவை மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, தூண் நன்றாக இருக்கிறது என்றாள்.

இதற்கிடையில் ஸ்டூடியோ முதலாளியின் பிள்ளைகளுக்குப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொள்வதைவிட இடத்தை விற்பது சுலபம் என்று தெரிந்துபோயிற்று. பின்பக்க நிலத்தை ஒரு பில்டர் வாங்கினார். நகரம் முழுக்க விளம்பரம் வைத்தார். நட்சத்திரங்கள் நடந்த மண்ணில் உங்கள் வீடு என்று அதில் எழுதியிருந்தது. அந்த மண்ணில் எந்த நட்சத்திரமும் நடந்ததில்லை. வேனிலிருந்து இறங்கினால் குடை, குடையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து மறுபடி வேன். நடந்து தேய்ந்ததெல்லாம் மூன்றாவது வரிசைதான். ஆனால் அவர்களைப் போட்டு விளம்பரம் செய்தால் யார் வீடு வாங்குவார்கள்?

கட்டிடங்களுக்கு 'வெள்ளிவிழா', 'வெற்றிப்படம்' என்றெல்லாம் பெயர் வைத்தாகிவிட்டது. கட்டிடம்தான் இல்லை. இருந்தது ஒரு பள்ளம், அதில் மழைத்தண்ணீர். பள்ளம் தெரியாமல் இருக்கப் பெரிய ஃபிளெக்ஸ் கட்டி, அதற்கு முன்னால் ஒரு மாதிரி வீட்டை எழுப்பினார்கள். எழுப்பியது கொத்தனார் இல்லை, சினிமா ஆர்ட் டைரக்டர். சுவர்கள் ப்ளைவுட். தரையில் பளிங்குக் கல் மாதிரி அச்சடித்த தாள். ஒரே ஒரு தூண் மட்டும் நிஜம். தட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை அதன் பக்கம் தள்ளிக்கொண்டு போவார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், சுவருக்குப் பின்னால் ஒருவன் ஏணியில் ஏறி டிரம்மில் ஊற்றிக்கொண்டிருக்கிறவரைக்கும். ஜன்னலுக்கு வெளியே தோட்டமும் ஏரியும் தெரியும். இரண்டும் துணியில் அச்சடித்தவை. பின்னாலிருந்து ஸ்டூடியோ விளக்கைப் போட்டிருந்ததால் அந்த ஜன்னலில் எந்நேரமும் இளமாலைதான்.

வீடு இருந்தால் போதாது, அதை வாங்கக் கூட்டமும் வேண்டும். தனியாக வந்து பார்க்கிறவன் யோசிப்பான். நாலு பேர் அடித்துப்பிடித்துக்கொண்டு நின்றால் அவனும் முண்டியடிப்பான். கூட்டம் சப்ளை செய்கிற ஏஜென்ட் கைவசம் ஆள் இருந்தது, படம்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளை அப்பா, அம்மா, பிள்ளை என்று சேர்த்துக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து இறக்கினான். நம் ஆளுக்கு ரிடையர் ஆன பேங்க் மேனேஜர் வேஷம். நரைத்த தலையும், எதையும் கேட்காத முகமும் அதற்குப் பொருத்தம். வாழ்க்கையில் முதல் தடவையாக வசனமும் கிடைத்தது. 'நல்ல முதலீடு' என்பதுதான் அந்த வசனம்.

இதில் ஒரு ஆசையும் காட்டியிருந்தான் ஏஜென்ட். பில்டர் தன் மகனைக் கதாநாயகனாகப் போட்டுச் சொந்தப் படம் எடுக்கப் போகிறார். மண்ணில் போட்டது போக மிச்சப் பணம் இருந்தால் அப்படித்தான் புத்தி போகும். அந்தப் படத்தில் ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, கண்ணாடியைக் கழற்றி, நாலு வரி பேசும் டாக்டர் ஒருவர் உண்டு. வெள்ளிவிழா பிளாக் விற்று முடிந்தால் அந்த டாக்டர் இவர்தான்.

அன்றிலிருந்து வீட்டில் ஓயாமல் கண்ணாடி கழற்றல். மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டே பார்த்தாள்.

"எந்த ஆஸ்பத்திரியில டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேசறாரு? கழட்டினா எதிர்ல நிக்கறது யாருன்னே தெரியாது."

"இது சினிமாம்மா."

"அது தெரியுது."

பிறகு, அந்த வீடு வாங்குகிறவர்கள் யாராவது பள்ளத்தைப் பார்த்தார்களா என்று கேட்டாள். அது பில்டருக்கும் வாங்குகிறவனுக்கும் இடையில் உள்ள விஷயம், தான் வெறும் கூட்டம், கூட்டத்துக்கு என்ன பொறுப்பு என்றார் அவர். முப்பது வருஷத்தில் வில்லன் வீட்டுக்குத் தீ வைத்தபோதெல்லாம் ஒரு போலீஸும் இவரைத் தேடி வந்ததில்லை அல்லவா, அந்தத் தைரியம்.

டெலிபோன் அம்மா வந்தது அந்த வாரம்தான். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் பின்னறையில் இருந்தாள். அந்த அறையில் குடும்பம் மொத்தத்தின் ஈரத்துணியும் காயும். வீட்டுச் சாவி மூன்று இருந்தது. அண்ணனிடம் ஒன்று, அண்ணியிடம் ஒன்று, அண்ணன் மகனிடம் ஒன்று. எல்லோரும் வெளியே போயிருந்தால் இவள் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். இதையெல்லாம் மாதிரி வீட்டு சோபாவில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பேங்க் மேனேஜரிடம் சொன்னாள். பேங்க்காரர் என்றால் ஒரு நம்பிக்கை. வேலை பார்த்துச் சேர்த்த மொத்தத்தையும் இதில் போடலாமா என்று அவரிடம் யோசனை கேட்டாள்.

அவர் 'நல்ல முதலீடு' என்று சொல்லியிருக்க வேண்டும். அது சப்பென்று இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றினார்.

"வயசான காலத்துல சாவி நம்ம கையில இருக்கணும்மா" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய், அடுத்த வாரம் செக்கோடு வருவதாக விற்பனைப் பெண்ணிடம் சொன்னாள். ஏஜென்ட் வந்து இவர் தோளில் தட்டினான். இன்னும் இரண்டு வீடுதான் மிச்சம், அந்த அம்மா செக்கைக் கொடுத்துவிட்டால் டாக்டர் வேஷம் பாதி உன் பையில் என்றான்.

தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து அவர் மனைவியிடம் ஒன்று விடாமல் நடித்துக் காட்டினார். அவள் தோய்த்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"அண்ணன் வீட்டுல."

"பணத்தைக் குடுத்தப்புறம்?"

அவர் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுப் படுத்தார். நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை வெளிநாட்டிலிருந்து திரும்பிய இன்ஜினியராக மாற்றினார்கள். கண்ணாடியும் வேறு, மனைவியும் வேறு. போன வார மனைவிக்கு இருமல். இந்த வாரம் வந்தவள் படங்களில் பிணமாகக் கிடப்பதில் பெயர் வாங்கியவள், வாயைத் திறக்காமல் நின்றாள். யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களே என்ற யோசனை ஒருவருக்கும் வரவில்லை. இவர்கள் பிழைப்பு அப்படி. காலையில் கோர்ட்டில் சாட்சிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் சாயங்காலம் அதே படத்தில் சிறைக்குள் நிற்பான், எவனும் கேட்டதில்லை. படம் பார்க்கிறவன் கொடுப்பது டிக்கெட் காசு, அதற்குக் கதாநாயகன் முகத்தைப் பார்த்தால் கணக்கு சரியாகிவிடும். ஆயுசு முழுக்கச் சேர்த்ததைக் கொடுக்க வருகிறவள் எல்லார் முகத்தையும் பார்ப்பாள் என்பது இந்தப் புத்திசாலிகள் மண்டையில் ஏறவில்லை.

டெலிபோன் அம்மா செக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். விற்பனைப் பெண் நாற்காலி போட்டாள். அவள் உட்காராமல் நேரே இன்ஜினியரிடம் வந்தாள்.

"நீங்க போன வாரம் பேங்க் மேனேஜர்."

"இல்லீங்களே, நான் வெளிநாட்டுல..."

"அப்ப கறுப்பு ஃப்ரேம் போட்டிருந்தீங்க. பேசும்போது இடது காதைத் தொட்டுக்கிட்டே இருந்தீங்க. இப்பவும் தொடறீங்க."

அவர் கை காதில்தான் இருந்தது.

"சாவியைப் பத்திச் சொன்னீங்களே, அதே வார்த்தைதான் ஒரு வாரமா மனசுல ஓடுது. அதுக்காகத்தான் வந்தேன்" என்றாள் அவள்.

கொஞ்சம் விவரமான மோசடிக்காரனாக இருந்தால் கழிப்பறைக்குப் போவதுபோல நழுவியிருப்பான். மனசாட்சி உள்ளவனாக இருந்தால் தலை குனிந்திருப்பான். இவர் இரண்டிலும் சேர்த்தி இல்லை. இவருக்கு முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ரசிகர், அதுவும் காது தொடுவது முதற்கொண்டு கவனித்த ரசிகர்.

"அது அவங்க குடுத்த வசனம் இல்லம்மா, நானே போட்டது" என்றார்.

"வசனமா?"

"ஆமா. அவங்க குடுத்தது வேற. அதுல உயிரே இல்ல."

அவள் சுற்றிலும் சுவர்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்ப இந்த வீடு?" என்றாள்.

"செட்டும்மா. நல்ல வேலைப்பாடு. வாங்க, காட்டறேன்."

பிணமாக நடிப்பவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டு நடந்தார். சுவரைத் தட்டிக் காட்டினார், தூணைத் தட்டிக் காட்டினார், இரண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். சமையலறைச் சுவரின் ஓரத்தைத் தள்ளித் திறந்து பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஏணியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆள் பதறி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் டிரம்மில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினான். ஜன்னல் ஏரிக்குப் பின்னால் விளக்குகள் கொதித்துக்கொண்டிருந்தன. நிஜமாகவே வீடு வாங்க வந்திருந்த இரண்டு குடும்பங்கள், இதுவும் சுற்றிக் காட்டுவதில் சேர்த்தி என்று பின்னாலேயே வந்தன. அவர்களில் ஒருவர் அந்த ஏணியையும் வீட்டோடு தருவார்களா என்று விசாரித்தார். அவருடைய மனைவி ஃபிளெக்ஸின் கிழிசல் வழியாக எட்டிப் பார்த்தாள். பள்ளம் தெரிந்தது. அதில் ஒரு நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"வெள்ளிவிழா பிளாக் எதுங்க?" என்றாள் அந்த மனைவி.

இவர் பள்ளத்தைக் காட்டினார்.

டெலிபோன் அம்மா அவரையே பார்த்தாள். "எப்படிங்க மனசு வந்தது உங்களுக்கு?"

"மொத நாள் கை நடுங்கிச்சும்மா, நடுவுல மறந்துடுமோன்னு. அப்புறம் சரியாயிடுச்சு."

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் பில்டரின் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வந்தார். இந்த ஆளுக்குச் சித்தம் சரியில்லை, போட்டிக் கம்பெனி அனுப்பிவிட்டது, கட்டிடம் வேகமாக எழும்புகிறது என்று ஒரே மூச்சில் மூன்றையும் சொல்லிப் பார்த்தார். குடும்பங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் செருப்பைத் தேடின. டெலிபோன் அம்மா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

ஏஜென்ட் இவரை வாசல் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினான். "முப்பது வருஷம் வாயை மூடிட்டு நின்னியே. இன்னைக்கு ஏன்யா தொறந்த?"

"அந்தம்மா என்னை ஞாபகம் வெச்சிருந்தாங்க."

ஏஜென்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தான். டாக்டர் வேஷம் தன் மச்சினனுக்கு என்றும், இனிமேல் கூட்டத்திலும் இவர் தலை தெரியக்கூடாது என்றும் சொன்னான். முன்னாலேயே தெரிந்ததில்லை என்பதை எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறு வாரமே அந்தச் சமையலறைச் சுவரை ஆணி அடித்து இறுக்கி, வேறு இன்ஜினியரைக் கொண்டுவந்து, மிச்சமிருந்த இரண்டு வீட்டையும் விற்றுவிட்டார்கள் என்று பின்னால் கேள்வி. முகத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கிறவர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சம் கிடையாது.

பஸ் நிறுத்தத்தில் டெலிபோன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தன்னால்தானே அவள் பணம் தப்பியது, ஒரு வார்த்தை நன்றி சொல்லுவாள் என்று அவர் பக்கத்தில் போய் நின்றார். போன வாரம் இதே மனிதர் அதே பணத்தைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தது அவருக்கு மறந்தே போயிற்று, அவளுக்கு மறக்கவில்லை. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். இறங்கும்போது அவர் எழுந்து வழி விட்டார். அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். அந்நேரம் வீட்டில் ஆள் இருந்ததோ, மறுபடி வாசற்படியோ, யாருக்குத் தெரியும்.

மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"டாக்டர் வேஷம் போச்சா?"

"போச்சு. ஆனா ஒருத்தங்க என்னை அடையாளம் கண்டுபிடிச்சாங்க. காதைத் தொடறதைக்கூடச் சொன்னாங்க."

"பணத்தைக் குடுக்க வந்தவங்க பார்க்காம இருப்பாங்களா?" துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. தான் போகிற வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், கனத்த உடம்பு, முதுகில் புண் வராமல் அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஒற்றை ஆளால் முடியவில்லை, இன்னொரு ஆள் கேட்டிருக்கிறார்கள் என்றாள்.

"நாளைக்குக் காலையில என்கூட வாங்க. தூக்கணும், திருப்பணும், துடைக்கணும். பேச்சு ஒண்ணும் வேண்டாம்."

அவர் யோசித்தார். யோசிக்கும்போது கை காதுக்குப் போயிற்று.

"அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். அதனால மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வாங்க."