வாசல் தாண்டாத கொம்பிரசர்

அந்த மிஷின் பல்கனி வாசலைத் தாண்டி உள்ளுக்க வந்தா, அங்கயிருந்து குதிப்பன் எண்டு மனிசி சொன்னாள். நாங்கள் இருந்தது வெளிநாட்டில, டோர்செட் பார்க் எண்ட இடத்தில, மேல்மாடி அப்பார்ட்மென்ட். சும்மா வெருட்டிறாள் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் அந்த நேரம் அவளோட விளையாடேலாது. ஊரில சண்டை முடியப்போற காலம். அவளின்ர ஒரே தம்பி, பெண்சாதியோடயும் ரெண்டு வயசுப் பெட்டைப்பிள்ளையோடயும் வன்னிக்குள்ள மாட்டுப்பட்டுப் போனான். தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. இருக்கிறானோ இல்லையோ, அது ஒண்டுதான் வீட்டில கேள்வி.

மிஷின் எண்டது, மையை விசிறிப் படம் கீறிற என்ர எயார்பிரஷுக்குக் காத்து அடிக்கிற கொம்பிரசர். செத்த ஆக்களின்ர சின்னப் படத்தைப் பாத்துப் பெரிசாக் கீறிக் குடுக்கிறது என்ர பகுதிநேர வேலை. செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மாலை போட்டு வைக்கிற படம். சிநேகிதன் ஒருத்தன்ர கார் கராஜில ஒரு மூலையில இருந்து கீறினனான். அந்த வின்ரரில அவன் கராஜை விட்டிட்டான். சாமானெல்லாம் வீட்டுக்கு வந்திட்டுது. கொம்பிரசரை அவள் இல்லாத நேரம் பல்கனியில இறக்கினன்.

"செத்தவீட்டுச் சாமானை உள்ளுக்க எடாதேங்கோ," எண்டாள். "உது எத்தினை பேரின்ர முகத்துக்குக் காத்தடிச்சிருக்கும். என்ர தம்பியின்ர செய்தி வருமட்டும் உது வெளியிலதான்."

"உனக்கென்ன விசரே? குளிருக்குள்ள வைச்சா மிஷின் செத்துப் போகும்."

"செத்தாச் சாகட்டும்."

மிஷின் பல்கனியிலயே இருந்துது.

கொம்பிரசருக்குக் குளிர் ஆகாது. காத்தை அமத்தேக்க அதோட ஈரமும் காத்துத் தேங்கிற ராங்குக்குள்ள போய்த் தண்ணியா அடியில தங்கும். வேலை முடியக் கீழ இருக்கிற வால்வைத் திறந்து அதை வடிச்சுவிடவேணும். அப்பிடியே விட்டால் உள்ளுக்க துருப்பிடிக்கும், பனியில ஐஸாகி வால்வையே வெடிக்கப்பண்ணும். எண்ணெயும் சீனிப்பாணி மாதிரித் தடிச்சுப்போகும். நான் சொட்டுத் தண்ணி இல்லாமல் வடிச்சன். காத்துப் போற ஓஸ் குழாயைக் கழட்டித் தனிய உள்ளுக்க வைச்சன். அதை மட்டும் அவள் உள்ளுக்க விட்டாள். சீமெந்து படாமல் பலகைக்கு மேல ஏத்தி, பழைய போர்வையால சுத்தினன். ஒவ்வொரு நாளும் கண்ணாடிக் கதவுக்கு இஞ்சால நிண்டு நான் மிஷினைப் பாப்பன். அவள் போனைப் பாப்பாள்.

மாசியில விட்பி எண்ட பக்கத்து ஊரில இருந்து ஒரு அண்ணை வந்தார். வன்னியில ஷெல் குண்டு பட்டுத் தாய் செத்துப்போனாவாம், அந்தியேட்டிக்குப் படம் வேணும் எண்டார். மனிசி அவருக்குத் தேத்தண்ணி குடுத்தாள். மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அவர் போனாப் பிறகு பல்கனிக்குப் போய்ப் போர்வையை விலக்கினன்.

மிஷின் முழுக்க மஞ்சள் ஐஸ். காத்து இழுக்கிற வாயில இருக்கிற பஞ்சு கல்லாய்ப் போச்சு. சுவிச்சு அசையவேயில்லை.

"என்னடி செய்தனீ?"

"மஞ்சள் தண்ணி தெளிச்சனான். செத்தவீட்டுத் துடக்குப் போகட்டும் எண்டு."

"தெளிச்சனியோ, குளிப்பாட்டினியோ?"

"வெள்ளிக்கு வெள்ளி தெளிச்சனான்," எண்டாள். குரல் இறங்கிப் போச்சு.

"கறண்டில ஓடுற சாமானுக்கு ஆராவது தண்ணி தெளிப்பினமே? விசரி!" பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாக்கிற அளவுக்குக் கத்தினன். நனைஞ்ச மிஷினை அப்பிடியே ஓட்டினா மோட்டர் எரியும். வீட்டுச் சூட்டில வைச்சு மெதுவாக் காயவிடவேணும். ரெண்டு கையாலயும் தூக்கிக்கொண்டு திரும்பினன். அவள் கதவுக்குக் குறுக்கால கையை விரிச்சுக்கொண்டு நிண்டாள்.

"என்னைத் தள்ளி விழுத்திப்போட்டுக் கொண்டுபோங்கோ."

பனிக்காத்து வீட்டுக்குள்ள அடிக்குது. பாரம் கையை அறுக்குது.

"விலத்தடி!"

"மாட்டன். அவன் உயிரோட இருக்கிறான்."

"இல்லையெண்டு நான் சொன்னனானே?"

போன் அடிச்சுது.

பாய்ஞ்சு எடுத்தாள். "தம்பி!" எண்டு ஒரு கத்துக் கத்தி, அப்பிடியே நிலத்தில இருந்திட்டாள். மிஷினைப் பாதி உள்ளுக்கயும் பாதி வெளியிலயுமா இறக்கி வைச்சன். முருகா, முருகா எண்டு அவள் சிரிக்கிறாள், அழுகிறாள். அகதி முகாமுக்கு வந்திட்டானாம். பெண்சாதியும் வந்திட்டாவாம்.

"பிள்ளை?" எண்டு கேட்டாள்.

போனை என்னட்டை நீட்டினாள்.

"அத்தான்," எண்டான். ஆரோ ஒராளின்ர போனாம், கனநேரம் கதைக்கேலாதாம். "பிள்ளை வாற வழியில ஷெல் பட்டுச் செத்துப்போனாள், அத்தான். அவளின்ர ஒரு படமும் எங்களிட்டை இல்லை. எல்லாம் பையோட துலைஞ்சு போச்சுது. நான் சொல்லுறன். நீங்கள் கீறுவியளே?"

எத்தினையோ முகம் கீறின எனக்கு, என்ன கேக்கிறது எண்டு தெரியேல்லை. "நெத்தி எப்பிடி, தம்பி?" எண்டன். சின்ன நெத்தியாம். மூக்குத் தாயைப் போலவாம். சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் குழி விழுமாம்.

"கண்?"

"கண் அப்பிடியே அக்காதான்," எண்டான். அதோட லைன் அறுந்துது.

அதை நான் மனிசிக்குச் சொன்னன். அவள் எழும்பிப் போய், மிஷினைத் தானே உள்ளுக்க இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஹீற்றருக்குக் கிட்ட வையாதை," எண்டன். "மெல்ல மெல்லத்தான் காயவேணும்."

"ஓம்," எண்டாள். தள்ளி வைச்சுத் துவாயால துடைச்சாள். அது முடிய ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, லைற்றுக்கு நேர எனக்கு முன்னால இருந்தாள்.

"வடிவாப் பாருங்கோ," எண்டாள். நான் பாத்து முடியுமட்டும் அவள் கண்ணை மூடேல்லை.