மதினியின் கார்டும் ஹால் டிவியும்

அந்தப் பச்சை நிறக் கார்டை மதினி உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது, இதைக் கொண்டு டிவி பார்க்கலாம் என்பதை நான் நம்பவில்லை. தொண்ணூறுகளின் கடைசி. அண்ணனைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எங்கள் ராஜபாளையம் வீட்டுக்கு வந்தபோது, சீரோடு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்தவர் அவர். தபால் வழியில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அதற்கான பாடம் மத்தியானம் அரைமணி நேரம் ஒரு சாட்டிலைட் சேனலில் வரும். ஹால் டிவி அப்பாவுடையது; அந்த நேரத்தில் அவருக்குச் செய்தி ஓடியாக வேண்டும். அதனால்தான் மதினி அந்தக் கார்டை வரவழைத்து, தானே ஸ்குரூ டிரைவர் பிடித்துக் கம்ப்யூட்டருக்குள் மாட்டி, ஹால் டிவியோடு இருந்த ரிசீவர் பெட்டியின் பின்னாலிருந்து தன் அறைக்கு வயர் இழுத்தார். வீட்டுக்கு இரண்டாவது ரிசீவர் வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

மாடியில் இருந்த டிஷ் ஒன்றே ஒன்று. சேனல்கள் இரண்டு வகை. ஒரு நேரத்தில் ஒரு வகையைத்தான் அது பிடித்துத் தரும். எந்த வகை என்பதை டிஷ்ஷிலிருந்து வரும் வயரில் முதலில் இருக்கும் பெட்டி முடிவு செய்யும்; எங்கள் வீட்டில் அது ஹால் ரிசீவர். அப்பாவின் செய்தி ஒரு வகை, மதினியின் பாடம் இன்னொரு வகை. அப்பா செய்திக்கு மாற்றியதும் அறையில் பேராசிரியரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து காணாமல் போய்விடும்.

அந்தச் செய்தியையாவது அப்பா பார்த்தாரா? சாப்பிட்ட கையோடு நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுவார். மதினி வந்து ரிமோட்டைத் தொட்டால் போதும், கண்ணைத் திறக்காமலே, "தூங்கல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மாத்தாத" என்பார். அண்ணனிடம் சொன்னால், "அவிய பெரியவிய. செத்த பொறுத்துக்கோ" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூங்குகிறவருக்குச் செய்தி வேண்டும், படிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

பரீட்சை நெருங்கியபோது மதினி வயரை மாற்றிப் போட்டார். கார்டு முதலில், ஹால் பெட்டி அதற்குப் பிறகு. பாடம் முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்; அப்பாவுக்கு எல்லாம் வரும். அந்த அரைமணி நேரம் செய்தி வராததைப் பொறுக்காமல் அப்பா டிஷ் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் பார்த்துவிட்டு, "ரிப்பேர் ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ரூம்ல இருக்குறதுதான் இப்ப மொதப் பெட்டி" என்றார்.

அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "என் ஹால்ல என்ன ஓடணும்னு ரூமுக்குள்ள இருந்து ஒருத்தி முடிவு பண்ணுவாளோ?" என்றார். சேத்தூரிலிருந்து பெரியப்பா பஞ்சாயத்துக்கு வந்தார். அரைமணி நேரப் பாடத்துக்குப் பஞ்சாயத்து! அண்ணன் தலையைக் குனிந்தபடி வயரைப் பழையபடி மாட்டினான்.

மதினி சண்டை போடவில்லை. மறுநாள் கம்ப்யூட்டரை வாடகைக் காரில் ஏற்றினார். "பரீட்சை முடியவும் வாரேன் அத்த" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். அங்கே அவர் தம்பி தனியாக ஒரு டிஷ் மாட்டிக் கொடுத்தான். எழுதினார், தேறினார், திரும்பியும் வந்தார். இன்று ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறார்.

ஆனால் எங்கள் சொந்தபந்தத்தில் எந்த விசேஷமானாலும், டிவி பார்க்க விடவில்லை என்று கோபித்துக்கொண்டு போன மருமகள் என்றுதான் அவரைக் காட்டிச் சிரிக்கிறார்கள். போன பொங்கலுக்கு அவர் மகளே கேட்டுவிட்டாள்: "ஏம்மா, சீரியல் பாக்கவா வீட்ட விட்டுப் போன?"

அப்பாவும் இருந்தார், அண்ணனும் இருந்தான். உன் அம்மா படிக்கப் போனாள் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.