வாத்துக் குரலும் மூன்று கயிறுகளும்

எங்கள் பொமரேனியன் ஒரு நாள் வாத்து மாதிரிக் கத்த ஆரம்பித்தது. நாய் என்றால் குரைக்கும், ஊளையிடும். இது கழுத்தை நீட்டி "ஹாங்க், ஹாங்க்" என்றது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் நாலு நாள் இப்படிப் போனதும் காவலாளி கதவைத் தட்டினார்.

"அண்ணே, வாத்து வளக்குறீங்கன்னு கம்ப்ளேன் வந்திருக்கு. இங்கல்லாம் வளக்க முடியாது லா."

நாயைக் காட்டினேன். அது அவருக்காகவே ஒருமுறை கத்தியது. அப்படியும் நம்பாமல், சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. கண்ணு பட்டுவிட்டதாம். லிஃப்டில் பார்க்கிறவர்களெல்லாம் "சோ கியூட்" என்றால் பின்னே? கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிற்றை அதன் கழுத்தில் கட்டினாள். வாத்துக் கத்தல் நிற்கவில்லை. தாயத்தோடு இன்னொன்று கட்டினாள், கொஞ்சம் இறுக்கமாகவே.

"படிச்சவதானே நீ? நாய்க்கு என்னடி திருஷ்டி?" என்று நான் வாய் கிழியப் பேசினேன். பேசினேனே தவிர, ராத்திரியில் எழுந்து எழுந்து அதற்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு, எங்கள் இருவருக்கும் நடுவே படுத்துக் குறட்டை விட மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

ஒரு காலை நடையில் பூனையைக் கண்டு பாய்ந்தது. நான் வாரைச் சுண்டி இழுத்தேன். வாத்துக் குரல் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. நாக்கு நீலமாகிவிட்டது. மனைவியைப் போனில் கீழே கூப்பிட்டேன். வீட்டுச் செருப்போடு இருவரும் மிருக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். ஆக்சிஜன் வைத்து, எக்ஸ்ரே எடுத்து முடித்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"மூச்சுக்குழாய் அங்கிள். தே ஐஸ் குடிக்கிற ஸ்ட்ராவைக் கடிச்சு உறிஞ்சினா சப்பையாயிடும்ல, அது மாதிரி ஆயிருக்கு. சின்ன ஜாதி நாய்ங்களுக்கு வரும். முழுசா சரியாகாது, ஆனா மருந்து கொடுத்து எடையைக் குறைச்சா நல்லா இருக்கும். கழுத்துல மட்டும் ஒண்ணும் மாட்டாதீங்க. மார்புல போடுற பட்டை வாங்குங்க."

பிறகு ஒரு தட்டை நீட்டினார். வந்த உடனே நாயின் கழுத்திலிருந்து வெட்டி எடுத்தவை: ஒரு பட்டை, மூன்று கயிறுகள்.

"நான் ரெண்டுதானே கட்டினேன்?" என்றாள் மனைவி. "இந்தச் சிவப்பு?"

சுவரிலிருந்த உண்ணி விளம்பரத்தை நான் மிகுந்த அக்கறையோடு படித்தேன்.

"போன வாரம் கிள்ளான் போனப்ப..." என்று இழுத்தேன். "அந்தக் கோயில்ல நல்லா மந்திரிப்பாங்கன்னு சொன்னாங்க..."

மருத்துவர் கயிறுகளைக் குப்பையில் போடப் போனார். மனைவி சிவப்பை மட்டும் எடுத்து என் மணிக்கட்டில் கட்டினாள்.

"அதுக்குத்தான் கட்டக் கூடாது," என்றாள். "நீங்கதான் ரொம்பப் பயந்துபோயிருக்கீங்க."

கையை நீட்டியபடியே நின்றேன். அப்போது ஆக்சிஜன் பெட்டிக்குள்ளிருந்து வாத்து ஒருமுறை கத்தியது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் குரலையும் கேட்டதில்லை.